மோரோவிண்ட் (நிகழ்பட ஆட்டம்)

தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 3: மோரோவிண்ட் என்பது பெதெஸ்டா நிறுவனத்தால் உருவாக்கப்பட்டு 2002 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட, திறந்த உலகைக் களமாகக் கொண்ட கனவுருப்புனைவுப் பாத்திரமேற்பு நிகழ்பட ஆட்டம் ஆகும். இது எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் மூன்றாவது முதன்மை ஆட்டமாகும். ஆடுபவர் வார்டன்ஃபெல் என்னும் எரிமலைத் தீவில் தான் விரும்பிய திசையில் சென்று, விரும்பிய பணிகளை விரும்பிய வரிசையில் செய்யலாம். முதன்மைக் கதையைத் தொடாமலேயே நூறு மணி நேரத்திற்கு மேல் ஆட இயலும்.

இவ்வகை ஆட்டங்களின் வரலாற்றில் மோரோவிண்டுக்குத் தனி இடம் உண்டு. பின்னர் வந்த திறந்த உலக ஆட்டங்கள் பலவற்றில் காணப்படும் வசதிகள் இதில் இல்லை. அவ்வசதிகள் இல்லாமையே இதன் வலிமை என ஒரு சாராரும், அதுவே இதன் குறை என மற்றொரு சாராரும் கூறுவர். இக்கட்டுரை அவ்வாட்டத்தின் நிறைகளையும் குறைகளையும் விளக்குகிறது.

சுருக்கத் தகவல்கள்

- உருவாக்குநர்: பெதெஸ்டா கேம் ஸ்டூடியோஸ்
- வெளியீட்டாளர்: பெதெஸ்டா சாஃப்ட்வொர்க்ஸ்
- திட்டத் தலைவர்: டாட் ஹோவார்ட்
- தலைமை வடிவமைப்பாளர்: கென் ரோல்ஸ்டன்
- இசை: செரமி சோல்
- இயங்குதளங்கள்: விண்டோஸ் (மே 2002), எக்ஸ்பாக்ஸ் (சூன் 2002)
- விரிவாக்கப் பொதிகள்: டிரைபியூனல் (2002), பிளட்மூன் (2003)

பின்னணி

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் முதல் ஆட்டமான அரீனா 1994 இலும், இரண்டாவதான டாகர்ஃபால் 1996 இலும் வெளிவந்தன. டாகர்ஃபாலின் நிலப்பரப்பு மிகப் பெரியது. எனினும் அதன் ஊர்களும் நிலவறைகளும் பெரும்பாலும் கணினி நிரலால் தானாக உருவாக்கப்பட்டவை. ஆதலால் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வேறுபாடு காண்பது அரிதாக இருந்தது.

1990களின் இறுதியில் பெதெஸ்டா வெளியிட்ட பேட்டில்ஸ்பையர், ரெட்கார்டு ஆகிய ஆட்டங்கள் எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. நிறுவனம் மூடப்படும் நிலையை நெருங்கியது. 1999 இல் செனிமாக்ஸ் மீடியா என்னும் தாய் நிறுவனம் அமைக்கப்பட்ட பின்னரே நிலைமை சீரடைந்தது. இச்சூழலில் உருவாக்கப்பட்ட மோரோவிண்டில் நிலப்பரப்பின் அளவு குறைக்கப்பட்டது. மாறாக ஒவ்வொரு ஊரும், குகையும், கல்லறையும் மனிதர்களால் தனித்தனியாக அமைக்கப்பட்டன. அலமாரியில் இருக்கும் கிண்ணம் முதல் மேசையில் கிடக்கும் கரண்டி வரை பெரும்பாலான பொருட்களை ஆடுபவர் கையில் எடுக்கலாம்.

தலைமை வடிவமைப்பாளர் கென் ரோல்ஸ்டன் அதற்கு முன்னர் தாளும் பகடையும் கொண்டு ஆடப்படும் பாத்திரமேற்பு ஆட்டங்களை எழுதியவர். அம்மரபின் தாக்கம் இவ்வாட்டத்தின் போர் முறையில் வெளிப்படையாகத் தெரிகிறது.

கதைக்களம்

தாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டத்தின் பெரும்பகுதி ஒரு பேரரசின் ஆட்சியில் உள்ளது. அதன் வடகிழக்கு மாநிலமே மோரோவிண்ட். அங்கு வாழும் டன்மர் இனத்தவர் பேரரசை ஏற்றுக்கொண்டாலும் தமது சமயத்தையும், குலங்களின் ஆட்சியையும், அடிமை முறையையும் விட்டுக்கொடுக்காதவர்கள். விவெக், அல்மலெக்சியா, சோதா சில் என்னும் மூவரை அவர்கள் வாழும் தெய்வங்களாக வணங்குகின்றனர். மேய்ச்சல் நிலங்களில் வாழும் ஆசுலாண்டர் என்னும் பழங்குடியினர் அம்மூவரையும் ஏற்பதில்லை. பண்டைய வீரன் நெரெவார் மறுபிறவி எடுத்து வருவான் என்பது அவர்களது நம்பிக்கை.

ஆடுபவர் ஒரு கைதியாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டு, செய்டா நீன் என்னும் சிற்றூரில் விடுவிக்கப்படுகிறார். பால்மோரா நகரில் உள்ள கையஸ் கோசேடஸ் என்பவரிடம் ஒரு பொதியைச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது மட்டுமே அவருக்குத் தரப்படும் கட்டளை. சிவப்பு மலையின் உள்ளே விழித்தெழுந்துள்ள டாகோத் ஊர் என்பவனை எதிர்கொள்வது கதையின் முடிவாகும்.

ஆட்ட முறை

தொடக்கத்தில் ஆடுபவர் பத்து இனங்களுள் ஒன்றையும், பதின்மூன்று பிறப்பு இராசிகளுள் ஒன்றையும் தேர்கிறார். ஆயத்தமாக உள்ள வகுப்புகளுள் ஒன்றைத் தேரலாம். தானே புதிய வகுப்பை அமைத்துக்கொள்ளலாம். அல்லது பத்து வினாக்களுக்கு விடையளித்து வகுப்பைப் பெறலாம். மொத்தம் 8 பண்புகளும் 27 திறன்களும் உள்ளன.

திறன்கள் பயன்படுத்துவதால் வளர்கின்றன. வாள் வீசுபவருக்கு வாள் திறனும், ஓடுபவருக்கு ஓட்டத் திறனும் உயரும். முதன்மை, துணைத் திறன்களில் பத்து உயர்வுகள் சேர்ந்ததும், ஓய்வெடுக்கும்போது அடுத்த நிலை கிடைக்கிறது.

நிறைகள்

*வழி கண்டறிதல்*

இவ்வாட்டத்தில் செல்ல வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி இல்லை. பணி தருபவர் வழியை வாயால் சொல்கிறார்: ஆற்றின் கரையோடு வடக்கே போ, பாலம் வந்ததும் கிழக்கே திரும்பு, இரண்டு பாறைகளுக்கு இடையே கதவு இருக்கும் என்பது போல. அது குறிப்பேட்டில் பதிவாகும். மற்றவற்றை ஆடுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவர் குப்பங்களில் வழி கேட்பவருக்குக் கலங்கரை விளக்கத்தையும், ஒல்லாந்தர் கல்லறையையும், பக்கிங்காம் கால்வாயையும் அடையாளமாகச் சொல்லி அனுப்புவதை ஒத்தது இம்முறை. அவ்வாறு வழி தேடிச் செல்பவர் ஊரைப் பார்த்துக்கொண்டே செல்கிறார். அம்புக்குறியைப் பின்தொடர்பவர் அம்புக்குறியை மட்டுமே பார்க்கிறார். மோரோவிண்டை ஆடியவர்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் சாலைகளை நினைவிலிருந்து சொல்வதற்கு இதுவே காரணம் ஆகும்.

*போக்குவரத்து*

வரைபடத்தில் சொடுக்கி உடனே ஓரிடத்திற்குச் செல்லும் வசதி இல்லை. மாறாக உலகினுள்ளேயே போக்குவரத்து அமைப்பு உள்ளது. சில்ட் ஸ்ட்ரைடர் என்னும் பெரும் பூச்சிகள் உள்நாட்டு நகரங்களையும், படகுகள் கடற்கரை ஊர்களையும், மந்திரவாதிகள் சங்கத்தின் வழிகாட்டிகள் முக்கிய நகரங்களையும் இணைக்கின்றனர். இவற்றுடன் ஓரிடத்தைக் குறித்துவைத்துப் பின்னர் அங்கே திரும்பும் மந்திரமும், அருகிலுள்ள கோயிலுக்குக் கொண்டுசேர்க்கும் மந்திரமும் உண்டு. எந்தப் படகு எந்த ஊருக்குச் செல்லும் என்பதைக் கற்பதே ஆட்டத்தின் ஒரு பகுதி ஆகிறது.

*முரண்படும் வரலாறுகள்*

ஆட்டத்தினுள் படிக்கத்தக்க நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. இவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. நெரெவார் எவ்வாறு இறந்தார் என்பதற்குக் கோயில் ஒரு கதை சொல்கிறது. பழங்குடியினர் வேறொன்று சொல்கின்றனர். விவெக் தன் தரப்பை எடுத்துரைக்கிறார். டாகோத் ஊருக்கும் ஒரு தரப்பு உண்டு. எது உண்மை என்பதை ஆட்டம் இறுதிவரை சொல்வதில்லை. ஆடுபவர் உண்மையிலேயே மறுபிறவியா, அல்லது பேரரசு தன் அரசியலுக்காக உருவாக்கிய வேடமா என்பதும் திறந்தே விடப்படுகிறது.

ஒரு தரப்பின் ஏட்டை மட்டும் கொண்டு வரலாற்றை எழுத முடியாது என்பதை மாணவர்க்கு எளிதில் உணர்த்தும் அமைப்பு இது.

*பின்விளைவுகள்*

ஹ்லாலு, ரெடோரான், டெல்வானி ஆகிய மூன்று பெருங்குலங்களுள் ஒன்றில் மட்டுமே சேர முடியும். போர்வீரர் சங்கம் தரும் சில பணிகள் திருடர் சங்கத்துக்கு எதிரானவை. சங்கங்களில் பதவி உயர்வு பெற உரிய திறன்கள் வேண்டும். மந்திரம் அறியாதவர் மந்திரவாதிகள் சங்கத்தின் தலைவராக இயலாது. பின்னர் வந்த ஸ்கைரிம் (2011) ஆட்டத்தில் இக்கட்டுப்பாடு பெரும்பாலும் கைவிடப்பட்டது.

கதைக்கு இன்றியமையாதவரையும் கொல்லலாம். அவ்வாறு கொன்றால் கதையின் இழை அறுந்துவிட்டது என்று ஆட்டம் அறிவிக்கும், ஆயினும் தடுக்காது. விவெக்கையே கொன்றுவிட்டு, உயிருடன் எஞ்சியுள்ள ஒரே குள்ள இனத்தவரான யாக்ரம் பகார்னின் உதவியுடன் வேறு வழியில் கதையை முடிக்கவும் இடமுண்டு.

*அவசரமின்மை*

உலகம் அழியப்போகிறது என்று கதை எச்சரிக்கும் வேளையில் ஆடுபவர் காளான் பறித்துக்கொண்டிருப்பது திறந்த உலக ஆட்டங்களின் பொதுவான முரண் ஆகும். மோரோவிண்ட் இதனைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுகிறது. பொதியைப் பெற்ற கையஸ் கோசேடஸ், முதலில் ஏதேனும் சங்கத்தில் சேர்ந்து, ஊரைப் பழகி, அனுபவம் பெற்று வருமாறு சொல்கிறார். ஊர் சுற்றுவது கதைக்கு எதிரானதாக அன்றிக் கதையின் கட்டளையாகவே ஆகிவிடுகிறது.

*விதிகளின் நெகிழ்வு*

மந்திரங்களை ஆடுபவரே கலந்து புதிதாக உருவாக்கலாம், பொருட்களில் மந்திரமேற்றலாம், மூலிகைகளைக் கலந்து மருந்து செய்யலாம். இதற்கு இரு சான்றுகள்:

- செய்டா நீன் அருகே வானிலிருந்து ஒரு மந்திரவாதி அலறிக்கொண்டு விழுந்து இறக்கிறார். அவரிடமுள்ள சுருள்கள் தாவும் திறனை 1000 புள்ளிகள் உயர்த்துவன. அவற்றைப் பயன்படுத்துபவர் தீவின் மறுபுறம்வரை தாவலாம். தரையிறங்குவது எப்படி என்பதை அவரே யோசிக்க வேண்டும்.
- ஒரு சோடிக் காலணிகள் மிகுந்த வேகம் தரும். ஆனால் அணிபவரின் பார்வையை முழுதும் மறைக்கும். அணியும் நொடியில் மந்திர எதிர்ப்பு ஆற்றலைப் பெற்றிருந்தால் மறைப்பு குறையும். இத்தீர்வை எவரும் சொல்லித்தருவதில்லை.

குறைகள்

*போர் முறை*

மிகுதியாகக் குறைகூறப்படுவது இதுவே. ஆடுபவர் சுட்டியைச் சொடுக்கி வாளை வீசுகிறார். வாள் எதிரியின் உடலில் படுவது திரையில் தெரிகிறது. ஆயினும் அடி பட்டதா என்பதைத் திறன், சுறுசுறுப்பு, அதிர்ட்டம், களைப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு நிரல் உள்ளே உருட்டும் பகடையே தீர்மானிக்கிறது. தொடக்க நிலையில் அடுத்திருக்கும் எலியைக் கூடப் பலமுறை தவறவிட நேரிடும்.

தாளில் ஆடும் ஆட்டத்தில் தவறிய அடியை ஆட்ட நடத்துநர் சொற்களால் விளக்குவார். இங்கு விளக்கமும் இல்லை. எதிரி விலகிக்கொள்ளும் அசைவும் இல்லை. மேலும் ஓடினால் களைப்பு மிகும், களைப்பு மிகுந்தால் அடி தவறும் என்பதைப் புதியவருக்கு ஆட்டம் தெளிவாக உணர்த்துவதில்லை. எதிரியை நோக்கி ஓடிச்சென்று தாக்குபவர் தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

*நிலை உயர்வுக் கணக்கு*

நிலை உயரும்போது மூன்று பண்புகளை உயர்த்தலாம். ஒரு பண்பு எவ்வளவு உயரும் என்பது, அதனைச் சார்ந்த திறன்கள் அந்நிலையில் எத்தனை முறை உயர்ந்தன என்பதைப் பொறுத்தது. உடல்வலுவைத் தாமதமாக உயர்த்தினால் முந்தைய நிலைகளில் இழந்த உயிர்ப்புள்ளிகள் திரும்பக் கிடைப்பதில்லை. இதனால் பலர் தாளில் கணக்கு எழுதிக்கொண்டு ஆடுகின்றனர். இயல்பாக ஆடுவோரை ஊக்குவிக்க எண்ணி அமைத்த முறை, இயல்பாக ஆடுவோருக்கே இழப்பை அளிக்கிறது.

*சமநிலையின்மை*

மேற்கூறிய நெகிழ்வின் மறுபக்கம் இது. அறிவாற்றலை உயர்த்தும் மருந்தைக் குடித்துவிட்டு மருந்து செய்தால் முன்னினும் வலிய மருந்து கிடைக்கும். அதனைக் குடித்து மீண்டும் செய்தால் மேலும் வலியது கிடைக்கும். இச்சுழற்சிக்கு எல்லை வைக்கப்படவில்லை. விதிகளை நன்கறிந்தோர் முழுக் கதையையும் சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றனர். பொதுவாக ஆடுவோருக்கும் இருபதாம் நிலைக்குப் பின் எதிரிகள் பொருட்டாவதில்லை.

*குறிப்பேடும் வழித்தவறுகளும்*

முதல் வெளியீட்டில் குறிப்பேடு நாள் வரிசையில் மட்டுமே அமைந்திருந்தது. இருபது பணிகளை ஏற்றவர் ஒரு பணியின் விவரத்தைக் காணப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. பணிவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி டிரைபியூனல் விரிவாக்கத்துடனேயே வந்தது. சொல்லப்படும் வழிகளுள் சில தெளிவற்றவை, சில தவறானவை. தொடக்கப் பணிகளுள் ஒன்றில் ஆர்க்ங்தாந்து என்னும் இடிபாட்டில் தேட வேண்டிய புதிர்ப்பெட்டி கையளவே ஆனது. இருண்ட அலமாரியில் அதனைக் காணாமல் மணிக்கணக்கில் அலைந்தவர் பலர். வழியைச் சொல்லால் மட்டும் தரும் ஆட்டத்தில், சொல் பிழைத்தால் வேறு துணை இல்லை.

*உயிரோட்டமற்ற மாந்தர்*

ஊர் மக்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்கின்றனர். உறங்குவதில்லை, கடை அடைப்பதில்லை. உரையாடல் மீயிணைப்புகள் கொண்ட எழுத்து வடிவில் அமைந்தது. ஒரு சொல்லைச் சொடுக்கினால் அதுபற்றிய பத்தி தோன்றும். கலைக்களஞ்சியம் போன்ற இம்முறையால் செய்தி மிகுதியாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரே பத்தியை ஊரில் பத்துப் பேர் சொல்வதால் அவர்கள் தனி மனிதர்களாகத் தோன்றுவதில்லை.

*முழுமை பெறாத கிளைகள்*

அடிமை முறை கதையின் பின்னணியில் எங்கும் காணப்படுகிறது. சாவி கிடைத்தால் அடிமைகளின் விலங்கை அவிழ்க்கலாம். அடிமை ஒழிப்புக்காக மறைவாக இயங்கும் இரட்டை விளக்குகள் என்னும் அமைப்பும் உண்டு. எனினும் அதற்கெனச் சில சிறு பணிகளே உள்ளன. ஆடுபவர் எத்தனை பேரை விடுவித்தாலும் சமூகம் மாறுவதில்லை. அதேபோல் டாகோத் ஊர் தன்னோடு சேருமாறு அழைத்தாலும் உண்மையில் சேர வழியில்லை.

*கிளிஃப் ரேசர்*

இது ஒரு பறக்கும் உயிரி. தொலைவிலிருந்தே ஆடுபவரைக் கண்டு துரத்தும். தலைக்கு மேல் பறப்பதால் அடிப்பது கடினம். இதன் தொல்லை ஆடுவோரிடையே பழமொழி போலாகிவிட்டது. தொடரின் அடுத்த ஆட்டமான ஒப்லிவியன், இவற்றை ஜியுப் என்பவர் தீவிலிருந்து விரட்டிவிட்டதாகக் குறிப்பிட்டுப் புனிதர் பட்டமும் அளித்தது. அவர் மோரோவிண்டின் தொடக்கத்தில் கப்பலில் வரும் சக கைதி ஆவார்.

நிறையும் குறையும் ஒன்றாதல்

சில கூறுகளை எப்பக்கம் சேர்ப்பது என்று பிரிப்பது எளிதன்று. அன்றைய கணினிகளின் ஆற்றல் போதாமையால் தொலைவில் உள்ளவை மூடுபனியில் மறைக்கப்பட்டன. ஆடுபவரின் நடையும் மெதுவானது. இவை இரண்டும் அன்று குறைகளாகவே கூறப்பட்டன. பின்னாளில் ஆர்வலர்கள் உருவாக்கிய நீட்சிகள் மூடுபனியை அகற்றியபோது, பெரிய தீவு என்று எண்ணியிருந்த நிலம் உண்மையில் சிறியது என்பது தெரிந்தது. ஒரு நகரிலிருந்து பார்த்தால் அடுத்த நகர் தெரிந்தது. வளைந்த சாலையும், பனியும், மெதுவான நடையும் சேர்ந்தே அந்நிலத்திற்குப் பரப்பளவைத் தந்திருந்தன.

2006 இல் வெளிவந்த ஒப்லிவியன், இலக்கைக் காட்டும் திசைகாட்டி, வரைபடத்திலிருந்து விரைவுப் பயணம், அன்றாட வாழ்க்கை நடத்தும் மாந்தர், முழுமையான குரல் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து மேற்கண்ட குறைகளுள் பலவற்றைக் களைந்தது. அதே வேளை எதிரிகளின் வலிமை ஆடுபவரின் நிலைக்கேற்ப உயருமாறு அமைக்கப்பட்டதால், எங்கு சென்றாலும் ஒரே அளவு அச்சமே எஞ்சியது. மோரோவிண்டில் நுழையத் தகாத குகைக்குள் முதல் நிலையில் நுழைந்தவர் இறப்பார்; தப்பினால் அரிய வாளுடன் வெளியேறுவார்.

வரவேற்பு

வெளிவந்த காலத்தில் ஆட்டத்தின் பரப்பும் சுதந்திரமும் பாராட்டப்பட்டன. வழுக்களும் போர் முறையும் குறைகூறப்பட்டன. மெட்டாகிரிட்டிக் தளத்தில் கணினிப் பதிப்பு 100க்கு 89 புள்ளிகளும், எக்ஸ்பாக்ஸ் பதிப்பு 87 புள்ளிகளும் பெற்றன.

தன்னார்வலர் பணி

கணினிப் பதிப்புடன் கட்டமைப்புக் கருவி ஒன்றும் இலவசமாக வழங்கப்பட்டது. உருவாக்குநர்கள் பயன்படுத்திய அதே வகைக் கருவி பொதுமக்கள் கைக்கு வந்ததால் ஆயிரக்கணக்கான நீட்சிகள் எழுதப்பட்டன. இவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை:

- தாம்ரியல் ரீபில்ட்: ஆட்டத்தில் இடம்பெறாத மோரோவிண்ட் பெருநிலத்தைக் கட்டியெழுப்பும் திட்டம். ஆட்டம் வெளிவரும் முன்பே தொடங்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பகுதி பகுதியாக வெளியிடப்பட்டு வருகிறது.
- ஓப்பன்எம்டபிள்யூ: ஆட்டப்பொறியைப் புதிதாக எழுதும் திறந்த மூலத் திட்டம். 2008 இல் தொடங்கப்பட்டது; குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வழங்கப்படுகிறது. லினக்ஸ், மேக் உள்ளிட்ட இயங்குதளங்களில் இயங்கும். ஆட்டத்தின் தரவுக் கோப்புகளை மட்டும் பயனர் விலைக்கு வாங்கி வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது திட்டத்தின் பயன் விளையாட்டோடு முடிவதன்று. மூல நிரல் மூடப்பட்ட மென்பொருள், அது எழுதப்பட்ட இயங்குதளம் வழக்கொழியும்போது தானும் அழியும். பொறியைத் திறந்த மூலமாக மீண்டும் எழுதுவதால், பல மனிதர் ஆண்டுக்கணக்கில் எழுதிய நூல்களும் ஊர்களும் அந்த அழிவிலிருந்து காக்கப்படுகின்றன.

தமிழும் இவ்வாட்டமும்

மோரோவிண்ட் தமிழில் வெளியிடப்படவில்லை. மூல ஆட்டத்தின் எழுத்துகள் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்ற பழைய குறியாக்கத்தில் அமைந்தவை. ஒருங்குறியை அது அறியாது. எனவே கட்டமைப்புக் கருவி கையில் இருந்தும் உரையாடல்களைத் தமிழில் நேரடியாக எழுதிச் சேர்க்க இயலாது. படித்து ஆட வேண்டிய ஆட்டம் என்பதால், ஆங்கிலம் தடையாக உள்ளவர்க்கு இதன் சிறந்த கூறுகளான வழிக்குறிப்புகளும் முரண்படும் நூல்களுமே எட்டாமல் போகின்றன. அம்புக்குறி உள்ள ஆட்டத்தை மொழி அறியாமலும் ஓரளவு ஆடலாம். இதனை அவ்வாறு ஆட இயலாது.

தமிழர் வாழ்வைக் களமாகக் கொண்ட ஆட்டங்கள் மிகச் சில. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய வெண்பா (2023) என்னும் சமையல் ஆட்டம் பன்னாட்டுக் கவனம் பெற்றது. தமிழ் நிலத்தைத் திறந்த உலகாகக் கொண்டு மோரோவிண்ட் அளவில் அமைந்த ஆட்டம் பரவலாக அறியப்பட்டதாக இல்லை. மோரோவிண்டின் பிட்டர் கோஸ்ட் கரையில் சதுப்பு நிலமும், ஹ்லா ஓட், ஞார் மோக் போன்ற சிறு மீன்பிடி ஊர்களும், படகுத்துறைகளும் உள்ளன. கழிமுகமும், உவர்நீர் ஏரியும், பழைய கோட்டையின் இடிபாடும், குப்பங்களும் அருகருகே அமைந்த பழவேற்காடு போன்ற பகுதி அத்தகைய படைப்புக்கு ஏற்ற களமாகும்.

இவற்றையும் பார்க்க

- நிகழ்பட ஆட்டம்
- கனவுருப்புனைவு
- திறந்த மூல மென்பொருள்
- ஒருங்குறி
- வெண்பா (நிகழ்பட ஆட்டம்)
- பழவேற்காடு ஏரி